சக்கர பேரிங் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் ஓடும்போது "ஊம்ம்" என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்ததும் எல்லோருக்கும் வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேட்கிறவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். முன்சக்கரம் இழுக்கும் சிறிய, நடுத்தரக் கார்களை மனதில் வைத்து எழுதியவை இந்தப் பதில்கள். ஜீப், பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

வீல் பேரிங்னா எது? எங்க இருக்கு?

சக்கரத்தை மாட்டும் ஹப் சுழல வேண்டும். அதைத் தாங்கும் நக்கிள் சுழலக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் பேரிங். இன்றைய கார்களில் ஒரு வெளிவளையம், இரண்டாகப் பிரிந்த உள்வளையம், நடுவில் இரண்டு வரிசை எஃகு உருண்டைகள் இருக்கும். இருபுறமும் சீல் போட்டு, ஆயுள் முழுவதற்கும் வேண்டிய கிரீஸை உள்ளேயே அடைத்து வருகிறது. வண்டியின் மொத்த எடையும் நான்கு சக்கரங்களிலும் உள்ள இந்த பேரிங்குகள் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது.

உங்கள் காரில் எந்த வகை என்று தெரிந்துகொள்வது நல்லது. நக்கிளுக்குள் பிரஸ் போட்டு ஏற்றும் வகை ஒன்று. ஹப்போடு சேர்ந்தே வந்து மூன்று அல்லது நான்கு போல்ட்டில் மாட்டும் வகை இன்னொன்று. முதல் வகையில் வேலை அதிகம், தவறு நடக்கும் இடமும் அதிகம். இரண்டாவதில் பாகத்தின் விலை அதிகம், வேலை சுலபம்.

பேரிங் போனா எப்படிப்பட்ட சத்தம் வரும்?

தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல ஒரே சீரான உறுமல். பெரும்பாலும் 40 கி.மீ. வேகத்தில் லேசாகத் தொடங்கி 60, 80 போகும்போது தெளிவாகும். நாளாக ஆக "கரகர" என்று அரைபடும் சத்தமாக மாறி, கடைசியில் தரையிலும் ஸ்டீயரிங்கிலும் அதிர்வாகவே உணர முடியும்.

முக்கியமான அடையாளம், அது வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கும். எஞ்சின் வேகத்தோடு அல்ல. காலியான நேர் ரோட்டில் 70-ல் போகும்போது கிளட்ச்சை மிதித்து எஞ்சினை ஐடிலுக்கு விடுங்கள். சத்தம் அப்படியே தொடர்ந்தால் சந்தேகம் சக்கரப் பக்கம். எஞ்சினோடு சேர்ந்து சத்தமும் இறங்கினால் எஞ்சின் பக்கம் பாருங்கள்.

டயர் சத்தமும் இப்படித்தானே வருது? எப்படிப் பிரிக்கிறது?

இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. டயர் தேய்ந்ததற்கு பேரிங் மாற்றியவர்களும், பேரிங் போனதற்கு நான்கு டயர் வாங்கியவர்களும் நிறைய. அதனால் எதையும் வாங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் ரோடு. டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும்: சிமென்ட் ரோட்டிலும் சொரசொரப்பான தாரிலும் கூடும், புதிதாகப் போட்ட வழவழப்பான தாரில் ஏறக்குறைய அடங்கிவிடும். பேரிங் சத்தம் எந்த ரோட்டிலும் அதேதான். அடுத்து உள்ளங்கை. டயரின் மேற்பரப்பில் கையை முன்னோக்கி ஒரு முறை, பின்னோக்கி ஒரு முறை தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் ரம்பப் பல்போலக் கையில் இடறினால் அந்தத் தேய்மானமே உறுமும். சக்கரங்கள் நிற்கும் கோணம் (அலைன்மென்ட்) தவறினாலும், ஷாக் அப்சார்பர் பலவீனமானாலும் இப்படித் தேயும்.

இதற்கும் தெளியவில்லை என்றால் முன் டயரையும் பின் டயரையும் அதே பக்கத்தில் மாற்றி மாட்டி, காற்றைச் சரிபார்த்து, அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். சத்தம் இடம் மாறினாலோ குணம் மாறினாலோ குற்றவாளி டயர். துளியும் மாறவில்லை என்றால் பேரிங் மீது சந்தேகம் பலமாகிறது. பஞ்சர் கடையில் அரை மணி நேரத்தில் முடிகிற சோதனை இது. முன், பின் டயர் அளவு வேறாக இருக்கும் வண்டிகளில் மட்டும் இதைச் செய்ய முடியாது.

எந்தப் பக்கம்னு ஓட்டும்போதே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முன்னும் பின்னும் வண்டி இல்லாத அகலமான ரோட்டில் 50, 60 வேகத்தில் ஸ்டீயரிங்கை மெதுவாக வலப்பக்கம் வளையுங்கள். எடை இடப்பக்கச் சக்கரங்கள் மீது சாயும். அப்போது உறுமல் கூடினால் இடது பேரிங், இடப்பக்கம் வளைக்கும்போது கூடினால் வலது பேரிங். மேம்பாலத்தில் ஏறி இறங்கும் நீண்ட வளைவுகளிலும் இது நன்றாகத் தெரியும். வெடுக்கென்று ஒடிக்க வேண்டாம்.

இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேரிங்கில் இருப்பவை இரண்டு வரிசை உருண்டைகள். வளைவில் இரண்டிலும் ஒரே அளவு பாரம் ஏறாது. ஒரு வரிசை மட்டும் கெட்டிருந்தால் விடை தலைகீழாகவும் வரலாம். எனவே இது சந்தேகத்தைச் சுருக்கும் சோதனை, தீர்ப்பு அல்ல.

எனக்கு முன்னாடி சத்தம் கேக்குது. மெக்கானிக் பின் பேரிங்னு சொல்றார். யாரை நம்புறது?

காதை நம்ப வேண்டாம். உறுமல் பாடி தகடு வழியாகப் பயணம் செய்து, அது பிறந்த இடத்தைவிட வேறொரு இடத்தில் பெரிதாக ஒலிக்கும். முன்-பின் குழப்பத்துக்கு ஒரு வழி உண்டு: ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின் சீட்டில் அமர்ந்து, சீட்டிலும் தரையிலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். காதைவிடக் கை அதிர்வைச் சரியாகச் சொல்லும். பிறகு அடுத்த கேள்வியில் உள்ள ஜாக்கி சோதனையை நான்கு சக்கரத்திலும் செய்யச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே ஜாக்கி போட்டுப் பார்க்கலாமா?

பார்க்கலாம். தரை சமமாக இருக்க வேண்டும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட்பிரேக் போட்டு கியரை நியூட்ரலில் வையுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கினால் முதல் கியரில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சக்கரம் சுற்றாது.

கடிகார முள் 12, 6 நிற்கும் இடங்களில் டயரைப் பிடித்து, மேல்பக்கத்தை உள்ளே தள்ளி, கீழ்ப்பக்கத்தை வெளியே இழுங்கள். "டக் டக்" என்று ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையின் விரல்களை சஸ்பென்ஷனின் சுருள்வில்லான காயில் ஸ்பிரிங்கின் மேல் லேசாக வையுங்கள். நல்ல பேரிங்கில் ஒன்றுமே தெரியாது. கெட்டதில் ஸ்பிரிங் வழியாக மணலை அரைப்பதுபோல ஒரு நறநறப்பு விரல் நுனிக்கு வந்து சேரும். பிரேக் பேட் உரசுவது குழப்பினால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றி, பிரேக் ஆயில் குழாயான ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவிட்டு மறுபடி சுற்றுங்கள்.

ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கி, கியர் போட்டு எஞ்சினால் ஓட்டிப் பார்க்க வேண்டாம். எஞ்சின் சுழற்சியை இரு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் காரணமாக அந்த ஒற்றைச் சக்கரம் மீட்டர் காட்டுவதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். வண்டி ஜாக்கியிலிருந்து நழுவினால் உயிருக்கே ஆபத்து. அந்தச் சோதனையை ஒர்க்‌ஷாப்பில், லிஃப்ட்டில் ஏற்றி, ஸ்டெதஸ்கோப்பை நக்கிளில் வைத்துக் கேட்டுச் செய்யட்டும்.

ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமே இல்ல. அப்போ பேரிங் நல்லாத்தானே இருக்கு?

அப்படிச் சொல்ல முடியாது. ஆட்டம் வருவது கடைசிக் கட்டத்தில். அதற்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் முன்பே சத்தம் வந்துவிடும். தூக்கி நிறுத்திய சக்கரத்தில் பாரமும் இல்லை, வேகமும் இல்லை. அதனால் ஆட்டமும் சத்தமும் இல்லை என்பதை வைத்து பேரிங்கை விடுதலை செய்துவிடாதீர்கள். ஸ்பிரிங்கில் விரல் வைக்கும் சோதனைதான் ஆரம்பக் கட்டத்தில் அதிகம் பேசும்.

ஆட்டம் இருக்கு. ஆனா அது பால் ஜாயின்ட்டா பேரிங்கான்னு எப்படித் தெரியும்?

ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு, 12-6 பிடித்து மறுபடி ஆட்டுங்கள். பிரேக் ஹப்பையும் நக்கிளையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாமல் இருந்தால் பால் ஜாயின்ட் (நக்கிளைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) அல்லது சஸ்பென்ஷனின் வேறு பாகம். 12-6-ல் ஒன்றும் இல்லாமல் 9-3-ல் மட்டும் ஆடினால் ஸ்டீயரிங்கையும் நக்கிளையும் இணைக்கும் டை ராட் எண்டைப் பாருங்கள்.

திரும்பும்போது மட்டும் "கட கட"ன்னு வருது. இதுவும் பேரிங்கா?

பெரும்பாலும் இல்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது வரும் கடகடப்பு, கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயின்ட். அங்கே ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். தகரத்தைக் கீறுவதுபோல மெல்லிய "சிர்ர்" என்றால் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகட்டுக் கவசம் வளைந்து உரசலாம், அல்லது நடுவில் சிறு கல் மாட்டியிருக்கலாம். விரலால் வளைத்துச் சரிசெய்யும் விஷயம் அது. ஆட்டோமேட்டிக்காகப் பேரிங்கைக் குற்றம் சொல்லாதீர்கள்.

மழைத் தண்ணியில ஓட்டின ரெண்டு மாசத்துல பேரிங் போச்சு. தண்ணிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். ஓடிவந்த ஹப் சூடாக இருக்கும். அது முட்டளவுத் தண்ணீரில் மூழ்கியதும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்த உறிஞ்சலில் சீல் ஓரமாகச் சேற்றுத்தண்ணீர் உள்ளே போகிறது. சீல், தெறிக்கும் தண்ணீரைத் தடுக்கச் செய்யப்பட்டது. மூழ்கிக் கிடப்பதற்கு அல்ல. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நாள்கணக்கில் தண்ணீரில் நின்ற கார்களுக்கு எஞ்சினைக் கவனித்தார்கள், சீட்டைக் காயவைத்தார்கள். பேரிங்கை யாரும் நினைக்கவில்லை என்றால் அது பிற்பாடு சத்தம் போட்டுத்தான் சொல்லும்.

இப்படிப் போன பேரிங்கைப் பிரித்தால் தேன் நிறத்திலோ நீலமாகவோ இருக்க வேண்டிய கிரீஸ், பால் கலந்த டீ நிறத்தில் குழைந்திருக்கும். துடைத்துப் பார்த்தால், உருண்டைகள் ஓடும் பளபளப்பான தடத்தில், உருண்டைக்கு உருண்டை உள்ள அதே இடைவெளியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். வண்டி நின்ற இடத்தில் தண்ணீர் அரித்த துரு அது. ஒவ்வொரு உருண்டையும் அந்தக் குழியில் விழுந்து எழுந்துதான் "ஊம்ம்" பிறக்கிறது.

பள்ளத்தில் வேகமாக விழுவதும், கம்பெனி கொடுத்ததைவிட வெளியே தள்ளி நிற்கும் அலாய் வீலும் ஸ்பேசரும், வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை ஹப்புக்கு நேரே பிடிப்பதும் மற்ற காரணங்கள்.

கிரீஸ் அடிச்சா சரியாகாதா?

ஆகாது. சீல் வைத்த பேரிங்கில் கிரீஸ் அடிக்க வழியே கிடையாது. சீலை நெம்பித் திறந்து புதுக் கிரீஸ் அடைத்தாலும் தடத்தில் விழுந்த குழி நிரம்பாது. சில நாள் சத்தம் குறைந்து ஏமாற்றும், அவ்வளவுதான்.

இப்படியே எவ்ளோ தூரம் ஓட்டலாம்?

கிலோமீட்டர் கணக்கு யாராலும் கொடுக்க முடியாது. உறுமல் மட்டும்தான், ஆட்டமும் சூடும் இல்லை என்றால் ஊருக்குள் மெதுவாக ஓட்டி, அந்த வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள். நெடுஞ்சாலைப் பயணம், முழு லோடு இரண்டும் வேண்டாம்.

ஆட்டம் தெரிந்தாலோ, அரைபடும் சத்தம் வந்தாலோ, பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ ஓட்டக் கூடாது. ஆடும் டிஸ்க் பேடைப் பின்னுக்குத் தள்ளுவதால்தான் பெடல் இறங்குகிறது. இருபது நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, இரண்டு பக்க ஹப்பின் சூட்டையும் தெர்மாமீட்டர் கன்னால் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கணிசமாகச் சூடாக இருந்தால் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். அந்தச் சூட்டின் முடிவு பேரிங் இறுகிப்போவது அல்லது சக்கரம் ஹப்போடு பிடுங்கிக்கொண்டு வருவது.

கடையில நாலு விதமா விலை சொல்றாங்க. எதை வாங்குறது?

முதலில் எண். பிரஸ் வகை பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். டிஏசி 40740040 என்றால் உள்விட்டம் 40, வெளிவிட்டம் 74, அகலம் 40 மி.மீ. ஒரே மாடல் காரிலேயே வருடம், எஞ்சின், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் வசதி) உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து எண் மாறும். அதனால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டோ, ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைக் காட்டியோ வாங்குங்கள்.

கார் கம்பெனியின் ஒரிஜினல் இல்லாவிட்டால் எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, என்பிசி, என்டிஎன், கோயோ, டிம்கென் போன்ற பேர்பெற்ற தயாரிப்புகள் போதும். போலிகள் இருப்பதால் பெட்டியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எஸ்கேஎஃப்புக்கு "ஆதென்டிகேட்", எஃப்ஏஜியைத் தயாரிக்கும் ஷெஃப்லருக்கு "ஒரிஜின்செக்" என்று சரிபார்க்கும் செயலிகளே இருக்கின்றன. பில் கட்டாயம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற இடத்தில் பில்லோடு புதிதாக வாங்குங்கள். புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் பழையது வாங்கலாம். பேரிங் வாங்கக் கூடாது. கழற்றும்போதே அது அடிபட்டிருக்கும்.

மாத்தும்போது பக்கத்துல நின்னு என்ன பார்க்கணும்?

பிரஸ் வகை என்றால் இதைக் கவனமாகப் படியுங்கள். புது பேரிங் சில ஆயிரம் கிலோமீட்டரில் திரும்பப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஏற்றிய விதம்.

விதி ஒன்றுதான்: அழுத்தம் உருண்டைகள் வழியாகப் போகக் கூடாது. நக்கிளுக்குள் பேரிங்கை ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். பிறகு ஹப்பை பேரிங்குக்குள் ஏற்றும்போது, மறுபக்கம் உள்வளையத்துக்குக் கீழே சரியான அளவில் ஒரு குழாய்த்துண்டைத் தாங்கலாகக் கொடுக்க வேண்டும். அந்தத் தாங்கல் இல்லாமல் நக்கிளைத் தாங்கி ஹப்பை அழுத்தினால் டன் கணக்கான பாரம் உருண்டைகள் வழியாகப் போய், கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைத் தடத்தில் பதித்துவிடும். சுத்தியலால் அடித்து ஏற்றினாலும் இதே கதி. ஒர்க்‌ஷாப்பில் ஹைட்ராலிக் பிரஸ் இல்லை என்றால் நக்கிளைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

ஹப்பை வெளியே எடுக்கும்போது பழைய உள்வளையத்தில் ஒரு பாதி அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். கிரைண்டரால் பாதி வெட்டி, உளியால் ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துவிடும். கிரைண்டர் ஹப்பைக் கீறக் கூடாது. ஹப்பின் தண்டு தேய்ந்தோ நீலம் பாரித்தோ இருந்தால் ஹப்பையும் மாற்றுங்கள். லூஸான தண்டில் புது உள்வளையம் வழுக்கிச் சுற்றும். நக்கிளின் உட்பக்கத் துருவைத் துடைத்து, பேரிங் கடைசிவரை உட்கார்ந்த பின் அதை வெளியே வராமல் பிடிக்கும் வளையமான சர்க்லிப் தன் பள்ளத்தில் முழுதாக விழுந்ததா என்று கண்ணால் பாருங்கள்.

கடைசியில், டிரைவ் ஷாஃப்ட்டை ஹப்போடு பிடிக்கும் ஆக்ஸில் நட். பெரும்பாலும் 30 அல்லது 32 மி.மீ. சாக்கெட். இரண்டு உள்வளையங்களையும் நெருக்கிப் பிடிப்பது இந்த நட்டின் இறுக்கம்தான் என்பதால், இம்பாக்ட் கன்னால் "டர்ர்" என்று அடித்துவிட்டுப் போகக் கூடாது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். விளிம்பைத் தட்டி மடக்கிப் பூட்டும் நட் என்றால் புதியதுதான் போட வேண்டும். நட் கழன்ற நிலையில் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டினால் புது பேரிங்கும் வீண்.

மாத்தினதும் ஏபிஎஸ் லைட் எரியுது. ஏன்?

பல பேரிங்குகளில் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கிறது. சென்சார் படிப்பது அதைத்தான். அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி, அதாவது வண்டியின் உட்புறம் வர வேண்டும். திருப்பி ஏற்றிவிட்டால் சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. மறுபடி பிரஸ் போட்டுக் கழற்றினால் பேரிங் கெட்டுவிடும். இன்னொன்று வாங்க வேண்டியதுதான். ஏற்றுவதற்கு முன் இரண்டு முகத்திலும் ஒரு குண்டூசியைக் காட்டிப் பாருங்கள். லேசாக இழுக்கும் பக்கம் காந்தப் பக்கம். அந்த முகத்தைக் கீறாதீர்கள், ஸ்பீக்கர் காந்தம் போன்றவற்றின் அருகில் வைக்காதீர்கள்.

சரியாக ஏற்றியும் லைட் எரிந்தால் சென்சார் நுனியில் துருத்தூள், கழற்றும்போது அறுந்த ஒயர் இரண்டையும் பாருங்கள்.

ஒரு பக்கம் போனா ரெண்டு பக்கமும் மாத்தணுமா? அலைன்மென்ட்டும் செய்யணுமா?

பிரேக் பேட் மாதிரி ஜோடியாக மாற்ற வேண்டிய பாகம் அல்ல இது. மறுபக்கத்தில் ஸ்பிரிங் சோதனை சுத்தமாக வந்தால் விட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே வெள்ளத்தில் மூழ்கியவை என்றால் மட்டும் சேர்த்து மாற்றுவதில் அர்த்தம் உண்டு.

ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை நக்கிளோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டையோ, டை ராடின் நீளத்தையோ தொட்டிருந்தால் அலைன்மென்ட் பாருங்கள். போல்ட்டில் மாட்டும் ஹப்பை மட்டும் மாற்றியிருந்தால் தேவையில்லை.

என்னோடது பழைய ஜீப். மெக்கானிக் "டைட் வெச்சா போதும்"ங்கிறார். சரியா?

உங்கள் வண்டிக்குச் சரியாக இருக்கலாம். பழைய ஜீப்புகளிலும் சரக்கு வண்டிகளிலும் இருப்பது டேப்பர் ரோலர்: கூம்பு வடிவ உருளைகள், கழற்றிக் கழுவி கிரீஸ் அடைத்து, இறுக்கத்தைச் சரிசெய்யக் கூடியவை. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் உட்கார்ந்த பின் தளர்த்தி, மறுபடி கைப்பலத்துக்கு மட்டும் இறுக்கி, பூட்டுப் பின் போட வேண்டும். தொட்டறிய முடியாத அளவு ஆட்டம் இருப்பது இங்கே சரி. "நல்லா டைட்டா இருக்கட்டும்" என்று ஒரு சுற்றுக் கூட்டிவிட்டால் சூடேறிக் கருகிவிடும். உருளையிலோ அது ஓடும் கிண்ணத்திலோ குழியோ நீல நிறமோ தெரிந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இதே பேச்சை சீல் வைத்த பேரிங் உள்ள காருக்குச் சொன்னால் ஏற்காதீர்கள். அங்கே சரிசெய்ய எதுவும் கிடையாது.

புது பேரிங் போட்டாச்சு. இன்னும் சத்தம் போகல. என்ன செய்யுறது?

சத்தம் துளியும் மாறவில்லையா, மாறி வேறாக வருகிறதா, சில வாரம் நின்று திரும்ப வந்ததா என்பதை முதலில் பிரியுங்கள். துளியும் மாறவில்லை என்றால் வேறு சக்கரம் அல்லது டயர். டயர் மாற்றி மாட்டும் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பழைய பேரிங் ஆடியதால் டயர் ரம்பப் பல்லாகத் தேய்ந்திருந்து, பேரிங் சரியான பிறகும் டயர் உறுமிக்கொண்டிருப்பதும் உண்டு. சத்தம் மாறி "சிர்ர்" என்றால் வேலையின்போது தகட்டுக் கவசம் வளைந்திருக்கும்.

சில வாரம் கழித்துத் திரும்ப வந்தால் ஏற்றிய விதத்தில் தவறு, அல்லது தேய்ந்த ஹப், அல்லது போலி. கழற்றிய பேரிங்கை வாங்கி கிரைண்டரால் வெட்டித் திறந்து, தடத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். உருண்டை இடைவெளியில் துருவே இல்லாத பளபளப்பான சிறு பள்ளங்கள் வரிசையாக இருந்தால் அது பிரஸ்ஸிலோ சுத்தியலிலோ விழுந்த அடி. உள்வளையத்தின் உள்முகம் சுற்றிலும் உரசி மின்னினால் அது ஹப்பின் தண்டில் வழுக்கிச் சுற்றியிருக்கிறது. அந்தத் துண்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.